புல் சாகாததற்கு மருந்தடிப்பவர்கள் பொறுப்பல்லர்: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

தோட்ட மேலாளர் அவர்களுக்கும், தலைமையகத்தில் பயிர்ப் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கும்,

மருந்தடிக்கும் பிரிவில் உள்ள பெண்களுக்கும், அவர்களோடு வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் சென்ற மாதம், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நீங்கள் கொடுத்த எச்சரிக்கைக் கடிதங்களைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்பதற்காகவே இம்மடலை எழுதுகிறேன். மருந்தைக் குறைவாகக் கலந்தார்கள், வரிசைகளை விட்டுவிட்டுப் போனார்கள், கலந்த மருந்தைக் கால்வாயில் கொட்டினார்கள் என்று அக்கடிதம் குற்றம் சாட்டுகிறது. இத்தனைக்கும் நீங்கள் காட்டியிருக்கும் ஆதாரம் ஒன்றே ஒன்றுதான்: இரண்டு சுற்று மருந்தடித்த பிறகும் செம்பனை மரத்தடி வட்டங்களிலும் அறுவடைப் பாதைகளிலும் சம்பாவ் புல் என்னும் களை பச்சையாக நிற்கிறது. இதைக் காரணம் காட்டி அவர்களுடைய ஊக்கத்தொகையைப் பிடித்துக்கொண்டீர்கள். மீண்டும் நடந்தால் வேலை போகும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அத்துடன், இனி கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியை இருமடங்காகக் கலந்து, சுற்றுகளுக்கு இடையிலான காலத்தையும் குறைத்து அடிக்க வேண்டும் என்று உத்தரவிட்டிருக்கிறீர்கள். பதில் சொல்ல ஒருவருக்கும் வாய்ப்பளிக்கவில்லை.

நான் இத்தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் பிறந்தவள். என் பெற்றோர் இங்கே பால்மரம் சீவியவர்கள். மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தெலுக் இந்தான் வட்டார இடைநிலைப்பள்ளிகளில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்று, தோட்டத்தை ஒட்டிய சிறுநகரில் குடியிருக்கிறேன். என் தங்கை அந்த மருந்தடிக்கும் பிரிவில் இருக்கிறாள். ஆகவே அவள் சொல்லை நான் இங்கே சாட்சிக்கு அழைக்கப் போவதில்லை. தரையில் நிற்கும் புல்லும், இவ்வகைப் புல்லைப் பற்றி இந்நாட்டிலேயே நடந்த ஆராய்ச்சியும் போதும்.

மருந்தடித்து மூன்று வாரமான ஒரு மரத்தடி வட்டத்தை நீங்கள் குனிந்து பார்த்தீர்களா என்று தெரியவில்லை. நான் பார்த்தேன். அகன்ற இலையுள்ள எருமைப் புல் வைக்கோல் நிறத்தில் படுத்துக் கிடந்தது. அசிஸ்தாசியாச் செடிகள் கணுக்கணுவாகக் கருகிக் குச்சியாக நின்றன. கோரை மஞ்சளாகிச் சாய்ந்திருந்தது. அவற்றுக்கு நடுவே, ஒரு சாண் இடைவெளி கூட இல்லாமல், சம்பாவ் புல் மட்டும் அடிவெளுத்த தட்டையான தண்டுகளைத் தரையோடு பரப்பிக்கொண்டு, கேழ்வரகுக் கதிரைப் போல விரல் விரித்த பூங்கதிரோடு நின்றது. மருந்து நீர்த்துப் போயிருந்தால் எருமைப் புல்லும் பிழைத்திருக்கும். அந்த வரிசையை விட்டுவிட்டுப் போயிருந்தால் எல்லாச் செடியும் பிழைத்திருக்கும். ஒரே பம்பிலிருந்து, ஒரே வீச்சில் விழுந்த மருந்து மற்ற யாவற்றையும் கொன்று ஒரே ஓர் இனத்தை மட்டும் விட்டுவைத்திருக்கிறது என்றால், காரணத்தை அந்த இனத்துக்குள்தான் தேட வேண்டும். பம்பைச் சுமந்தவளின் கையில் தேடிப் பயனில்லை.

அந்தக் காரணம் இயற்கைத் தெரிவு. சார்லஸ் டார்வினும் ஆல்பிரட் ரசல் வாலசும் தனித்தனியே கண்டறிந்து, 1858ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் லண்டன் லின்னியன் சங்கத்தில் இருவர் பெயரிலும் வாசிக்கப்பட்ட கருத்து அது. வாலஸ் 1854இல் சிங்கப்பூரில் இறங்கி, மலாக்காவிலும் லேடாங் மலையிலும் பூச்சி சேகரித்து, சரவாக்கில் இருந்தபோது இனங்களின் தோற்றம் பற்றிய தம் முதல் கட்டுரையை எழுதியவர் என்பதையும் சொல்லிவைக்கிறேன். இது எங்கோ குளிர்நாட்டில் மட்டும் செல்லுபடியாகும் கோட்பாடு என்று யாரும் எண்ண வேண்டாம்.

கோட்பாட்டைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். எந்த இனத்திலும் ஒன்றைப் போல் மற்றொன்று முழுக்க இருப்பதில்லை; வேறுபாடுகள் உண்டு. அவ்வேறுபாடுகளில் பல, விதை வழியாகப் பிள்ளைகளுக்குப் போகின்றன. பிறப்பவை எல்லாம் பிழைப்பதில்லை. இடத்துக்கும் வெளிச்சத்துக்கும் நீருக்கும் தாங்கக்கூடிய அளவைவிட மிக அதிகமாகவே எல்லா உயிர்களும் பெருகுகின்றன. இந்நிலையில், நிலவும் சூழ்நிலையில் பிழைத்து விதை விட உதவும் வேறுபாடு எவற்றிடம் இருக்கிறதோ அவற்றின் வாரிசுகள் அடுத்த தலைமுறையில் பெரும்பங்காகும். திட்டமிடுவோர் யாரும் வேண்டியதில்லை. சம்பாவ் புல் ஒரு செடிக்குப் பல்லாயிரம் விதை விடும். முளைத்துச் சில வாரங்களில் பூத்துவிடும். நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஆண்டு முழுவதும் பூக்கும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே கருவுறுவதால் தாய்க்கு இருக்கும் குணம் பிள்ளைக்கு அப்படியே இறங்கும். இயற்கைத் தெரிவு வேகமாக வேலை செய்ய இதைவிடத் தோதான செடி கிடைப்பது அரிது.

உங்கள் அதிகாரிகளில் ஒருவர் பெரட்டில் கேட்டாராம்: "போன வருஷம் செத்த புல் இந்த வருஷம் சாகவில்லை என்றால் உங்கள் வேலைதானே மாறியிருக்க வேண்டும்?" கேள்வி நியாயமானதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பத்து லட்சம் செடிகளில் ஒன்று மட்டும் மருந்தைத் தாங்கும் குணத்தோடு பிறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்து மற்றவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதைக் கொல்கிறது, தாங்குவதை விட்டுவிடுகிறது. பிழைத்தவை மீண்டும் விதைத்து நிலத்தை நிரப்புகின்றன. முதல் சுற்று முடிந்து நிலம் நிரம்பும்போது தாங்கும் செடி பத்தாயிரத்துக்கு ஒன்றாகிவிடும். யார் கண்ணிலும் படாது. இரண்டாம் சுற்றுக்குப் பிறகு நூற்றுக்கு ஒன்று. அப்போதும் மேலாளர் வண்டியில் இருந்து பார்த்தால் வட்டம் சுத்தமாகத்தான் தெரியும். மூன்றாம் சுற்றுக்குப் பிறகு முளைப்பவற்றில் பாதி தாங்கும் செடி. நான்காம் சுற்றில் மருந்தடித்தால் பாதிப் புல் அப்படியே நிற்கும். எண்களை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டேன். உண்மையில் மண்ணுக்குள் உறங்கும் பழைய விதைகள் இந்த வேகத்தை மட்டுப்படுத்தும், அதனால் சுற்றுகள் கூடும். ஆனால் போக்கு இதுதான். மாற்றம் தொடக்கம் முதல் ஒரே சீராக நடந்துகொண்டே இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவது மட்டும் கடைசியில், ஒரேயடியாகத் தெரிகிறது. வேலை செய்தவர்கள் மாறவில்லை, கலவை மாறவில்லை, பம்பு மாறவில்லை. நிலத்தில் முளைக்கும் புல்லின் பரம்பரை மாறிவிட்டது.

தொழிலாளர்கள் தரப்பில் மண்டோர் (கங்காணி) ஒருவர், "புல் மருந்துக்குப் பழகிப்போச்சு" என்று சொன்னதையும், புல்லுக்கு மூளையா இருக்கிறது பழகுவதற்கு என்று சபையில் சிலர் சிரித்ததையும் கேள்விப்பட்டேன். அவர் கண்டது சரி, விளக்கம்தான் சற்றே விலகியது. எந்த ஒரு செடியும் தன் வாழ்நாளில் மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்வதில்லை. மருந்து பட்டதால் அந்தக் குணம் உண்டாவதும் இல்லை. மருந்து வருவதற்கு முன்பே, மரபணு நகலெடுப்பில் ஏற்பட்ட தற்செயலான பிழையாக, எங்கோ ஓரிரண்டு செடிகளில் அது இருக்கிறது. 1943இல் லூரியா, டெல்புருக் என்ற இரு அறிவியலாளர்கள் பாக்டீரியாக்களை வைத்துச் செய்த பரிசோதனை, அவற்றைத் தாக்கும் வைரஸை எதிர்க்கும் திறன் வைரஸைச் சந்திப்பதற்கு முன்பே சில பாக்டீரியாக்களில் தோன்றிவிடுகிறது என்று காட்டியது. மூளை இல்லாத உயிரிலும் இது நடக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? சிரித்தவர்கள் படித்தவர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

இனி நம் நாட்டு நிலவரத்துக்கு வருகிறேன். மலேசியாவில் பாராகுவாட் என்னும் மற்றொரு களைக்கொல்லியைத் தாங்கும் சம்பாவ் புல் 1990இலேயே பதிவாகியிருக்கிறது. கிளைபோசேட்டைத் தாங்கும் சம்பாவ் புல் 1997இல் கண்டறியப்பட்டது. அதுவும் வேறெங்கோ இல்லை, இதே தெலுக் இந்தான் வட்டாரத்தில். உலகிலேயே கிளைபோசேட்டை எதிர்த்து நின்ற களைகளில் அது இரண்டாவது; முதலாவது அதற்கு முந்தைய ஆண்டு ஆஸ்திரேலியாவில் கண்ட ரைப் புல். 2002இல் வெளியான ஆய்வு காரணத்தையும் சொல்லிவிட்டது. செடிகள் சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க ஒரு நொதியை நம்பியிருக்கின்றன. கிளைபோசேட் அந்த நொதியில் போய் ஒட்டிக்கொண்டு அதை முடக்குகிறது, செடி பட்டினியில் சாகிறது. மலேசியாவில் எடுத்த தாங்கும் புல்லில் அந்த நொதியின் 106ஆம் இடத்தில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் செரின் என்ற வேறொன்று இருந்தது. ஒரே ஒரு மாற்றம். மருந்து சரியாக ஒட்ட முடியவில்லை. 2009இல் குளுபோசினேட் என்னும் இன்னொரு களைக்கொல்லியைத் தாங்கும் சம்பாவ் புல்லும் இந்நாட்டில் பதிவாயிற்று. நம் வட்டாரத்துப் பெயரோடு ஆராய்ச்சி இதழில் அச்சாகிக் கால் நூற்றாண்டாகிவிட்ட ஒரு செய்தி, இவ்வட்டாரத்திலேயே பல்லாயிரம் மரங்களை நிர்வகிக்கும் உங்களை எட்டவில்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை. எட்டியிருந்தும் எச்சரிக்கைக் கடிதம் அச்சடித்தீர்கள் என்றால், அது இன்னும் மோசம்.

தெரிவு என்பது உங்களுக்குப் புதிய சங்கதியும் அன்று. அதை வைத்துத்தான் நீங்கள் பிழைக்கிறீர்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் செம்பனையில் நான்கே நான்கு கன்றுகள் 1848இல் ஜாவாவின் போகோர் தாவரவியல் தோட்டத்தில் நடப்பட்டன. அவற்றின் வழித்தோன்றல்களில் தடித்த சதையும் மிகுந்த எண்ணெயும் உள்ளவற்றைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்தார்கள். 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராக்கினார்கள். கொட்டை ஓட்டின் தடிமன் எப்படிப் பரம்பரையாக இறங்குகிறது என்று 1941இல் காங்கோவில் வேலை செய்த ஆய்வாளர்கள் கண்டுசொன்னதன் பலனாக, தடித்த ஓடுள்ள டூராவையும் ஓடில்லாத பிசிபெராவையும் கலந்து மெல்லிய ஓடுள்ள தெனெரா விதை பெற்றார்கள். இன்று உங்கள் வரிசைகளில் நிற்பது அதுதான். டார்வின் தம் நூலைப் புறா வளர்ப்பவர்களின் தெரிவிலிருந்து தொடங்கியதற்கும் இதுவே காரணம்: மனிதர் பொறுக்கி எடுத்தால் இனம் மாறும் என்பதை ஒப்புக்கொண்டவர், சாவு பொறுக்கி எடுத்தாலும் மாறும் என்பதை மறுக்க முடியாது. விதை நிலையத்தில் நல்ல குலையைத் தேர்ந்தெடுக்க நீங்கள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறீர்கள். அதே தோட்டத்தில், ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் அடிக்கச் சொல்லி, சாகாத புல்லையும் தேர்ந்தெடுக்க வைத்திருக்கிறீர்கள்.

நடுவில் மருந்தை மாற்றிப் பார்த்தோம் என்று நீங்கள் சொல்லக்கூடும். கிடங்குக்கு வெளியே அடுக்கியிருந்த காலித் தோம்புகளின் லேபிளைப் படித்தேன். பெயர் வேறு, நிறம் வேறு, படம் வேறு. செயல்படும் பொருள் எல்லாவற்றிலும் கிளைபோசேட்தான். புல்லின் நொதிக்கு வணிகப் பெயர் தெரியாது.

இருமடங்காகக் கலக்கச் சொன்ன உத்தரவுதான் எல்லாவற்றிலும் அபாயமானது. 106ஆம் இடத்து மாற்றம் மட்டும் உள்ள செடிகள் ஓரளவுதான் தாங்கும். அளவைக் கூட்டினால் அவற்றில் பல சாகும் என்பது உண்மையே. ஆனால் மலேசியாவிலேயே எடுத்த சம்பாவ் புல்லில் 102, 106 ஆகிய இரண்டு இடங்களிலும் மாற்றம் கொண்ட செடிகள் இருப்பதை 2015இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அவற்றுக்கு நீங்கள் நினைக்கும் இருமடங்கு ஒரு பொருட்டே இல்லை. சல்லடைக் கண்ணைச் சிறிதாக்கினால் அதில் தேங்குவது எதுவோ அதுதான் அடுத்த ஆண்டு உங்கள் தோட்டத்தை நிரப்பும். இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: இரட்டை மாற்றம் கொண்ட செடிகள் மருந்து இல்லாத இடத்தில் சாதாரணப் புல்லைவிட மெலிந்தே வளர்கின்றன, விதையும் குறைவு. மருந்து இருக்கும் வரை அவை வெல்லும்; மருந்தை நிறுத்தினால் பின்தங்கும். அப்படியானால் நீங்கள் கூட்டக் கூட்ட அவற்றுக்குத்தான் உதவி செய்கிறீர்கள். நியாயமாகப் பேச வேண்டுமென்றால் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும்: தேய்ந்துபோன முனையுள்ள பம்பால், லேபிள் அளவுக்குக் குறைவாக மருந்து விழுந்தாலும், அரைகுறையாகத் தாங்கும் செடிகள் பிழைத்துப் பெருகும். என் தங்கை சுமக்கும் பம்பின் முனையை மாற்றித் தரும்படி பிரிவினர் பல முறை கேட்டும் மாற்றவில்லை. அதுவும் உங்கள் பொறுப்பில் வருவதே.

எலி விஷயத்திலும் இதே பாடம்தான். வார்பரின் கலந்த எலிப் பாஷாணத்தைத் தாங்கும் எலிகள் இந்நாட்டுச் செம்பனைத் தோட்டங்களில் வந்த பிறகுதான் கூண்டு வைத்துக் கூகை வளர்க்க நீங்கள் எல்லோரும் முன்வந்தீர்கள். அப்போது எலி சாகவில்லை என்று பாஷாணம் வைத்தவருக்கு யாரும் கடிதம் கொடுத்ததாக எனக்கு நினைவில்லை.

இருமடங்கு மருந்தைக் கலப்பது யார் என்பதையும் யோசியுங்கள். பம்பு நிறைந்தால் பதினாறு கிலோவுக்கு மேல் கனக்கும். மூடி கசிந்தால் முதுகெல்லாம் நனையும். கைகளும் கணுக்கால்களும் எரிவதாகப் பெண்கள் சொல்கிறார்கள். முகக்கவசம் வெயிலில் மூச்சை அடைப்பதால் பாதி நேரம் கழுத்தில் தொங்குகிறது. கிளைபோசேட் புற்றுநோய் உண்டாக்குமா என்ற உலகளாவிய விவாதத்துக்குள் நான் போகவில்லை. லேபிளில் அச்சிட்ட அளவு என்பது 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ்ப் பதிவு செய்து வைத்த அளவு. அதை மீறச் சொல்லும் அதிகாரம் தோட்ட அலுவலகத்துக்கு எங்கிருந்து வந்தது என்று மட்டும் கேட்கிறேன்.

நானே ஒரு சிறு சோதனை செய்தேன். அறுவடைப் பாதையில் மருந்துக்குத் தப்பிய செடிகளிலிருந்து விதை எடுத்தேன். யாரும் ஒருபோதும் மருந்தடிக்காத, மண்வெட்டியால் மட்டும் செதுக்கும் கோயில் வளாகத்திலிருந்தும் விதை எடுத்தேன். இரண்டையும் ஒரே மண் நிரப்பிய தட்டுகளில் என் வீட்டுப் பின்புறம் முளைக்க வைத்து, நாலைந்து இலை விட்டதும், கடையில் வாங்கிய கிளைபோசேட்டை லேபிள் அளவில் கலந்து, ஒரே பம்பால், ஒரே காலையில், அக்கம்பக்கத்தார் பார்க்க இரண்டின் மேலும் அடித்தேன். கோயில் நாற்றுகள் நடுக்குருத்திலிருந்து வெளுத்து, இரண்டு வாரத்துக்குள் காய்ந்தன. பாதை நாற்றுகளில் சில இலைநுனி மட்டும் மஞ்சளாகிச் சில நாள் முடங்கியிருந்து, பிறகு பக்கத்திலிருந்து புதுத் தூர் விட்டன. இப்போது கதிர் தள்ளுகின்றன. மருந்தடித்த கை ஒன்று, மருந்து ஒன்று, நாள் ஒன்று. விதை வேறு, விளைவு வேறு. ஆராய்ச்சிக்கூடத்தில் பல அளவுகளில் செய்ய வேண்டிய சோதனையை நான் ஓர் அளவில்தான் செய்தேன். ஆனால் இந்த அளவு சோதனையைக்கூடச் செய்யாமல்தான் நீங்கள் தண்டனை கொடுத்தீர்கள்.

ஆகவே கேட்பவை இவை. எச்சரிக்கைக் கடிதங்கள் அனைத்தையும் எழுத்து மூலம் ரத்து செய்து, அவரவர் பணிக்கோப்பிலிருந்து நீக்க வேண்டும். பிடித்த ஊக்கத்தொகையை அடுத்த சம்பளத்தோடு சேர்த்துத் திருப்பித் தர வேண்டும். வங்காளதேசத் தொழிலாளர்களுக்குக் கொடுத்த கடிதம் அவர்களுடைய வேலை அனுமதிப் புதுப்பிப்பைப் பாதிக்காது என்பதை அவர்கள் மொழியில் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர்களுக்காகப் பேச இங்கே உறவினர்கூட இல்லை.

இருமடங்குக் கலவை உத்தரவை உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு பிரிவிலிருந்தும் தப்பிய புல்லின் விதையைச் சேகரித்து, எந்தெந்த மருந்தை எந்த அளவு தாங்குகிறது என்று வெளி ஆய்வுக்கூடத்தில் சோதித்து, முடிவை மருந்தடிப்பவர்களுக்கும் தொழிற்சங்கத்துக்கும் காட்டுங்கள். அதற்குப் பிறகே மருந்தை மாற்றுங்கள். மாற்றும்போது பெயரை மாற்றாமல் செயல்படும் விதத்தை மாற்றுங்கள். பாராகுவாட், கிளைபோசேட், குளுபோசினேட் உட்படப் பல மருந்துகளை ஒருங்கே தாங்கும் சம்பாவ் புல்லும் இந்நாட்டில் பதிவாகியிருப்பதால், மருந்தை மாற்றுவது மட்டும் போதாது. கதிர் முற்றுமுன் இயந்திரத்தால் வெட்டுவதையும், இளமரப் பகுதிகளில் மூடுபயிர் வளர்ப்பதையும், லாரித் தடங்களில் உள்ள புல்லை விதை விடுமுன் கையால் பிடுங்குவதையும் வேலைத் திட்டத்தில் சேர்த்து, அதற்குரிய ஆட்களையும் கூலியையும் ஒதுக்குங்கள். ஒரு காலத்தில் லயத்து மாடுகள் இந்தப் புல்லைத் தின்று கணிசமாகக் குறைத்தன. மாடு வளர்க்கக் கூடாது என்று தடை போட்டவர்களும் நீங்கள்தான் என்பது போகிற போக்கில் ஞாபகம் வருகிறது.

தேய்ந்த பம்பு முனைகளையும் கசியும் மூடிகளையும் இந்த மாதத்துக்குள் மாற்றிக் கொடுங்கள். மருந்தடிக்கும் பிரிவின் மருத்துவப் பரிசோதனை முடிவுகளை அவரவர் கையில் கொடுங்கள்.

இரண்டு தட்டுகளும் இன்னும் என் வீட்டில் இருக்கின்றன. இரண்டு இடத்து விதைகளையும் தனித்தனிப் பொட்டலமாகத் தேதி எழுதி வைத்திருக்கிறேன். உங்கள் பயிர்ப் பாதுகாப்பு அதிகாரி எந்த வேலை நாளிலும் வந்து பார்க்கலாம், விதையையும் வாங்கிச் செல்லலாம். இம்மடலுக்கு மாத இறுதிக்குள் எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால் இதன் நகலையும் விதைப் பொட்டலங்களையும் விவசாயத் துறைக்கும் தொழிலாளர் துறைக்கும் அனுப்பிவைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியை,
கீழ்ப் பேராக்